மின்சார எஸ்யூவி தயாரிப்பாளர்களுக்கு: விலையை முழுதாக எழுதுங்கள்

மதிப்புக்குரிய கார் நிறுவன நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மின்சார எஸ்யூவி வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. காரின் மீது எங்களுக்குப் பெரிய குறை இல்லை. ஓட்டம் அருமை, ஏசி உடனே குளிர்கிறது, ஆயில் மாற்றும் வேலை இல்லை. எங்கள் குறை, நீங்கள் விலையைச் சொல்லும் விதத்தில்தான். மேடையில் ஒரு எண் சொல்கிறீர்கள். வாங்குகிறவர் அந்த எண்ணை நம்பி ஷோரூமுக்கு வருகிறார். அவர் கடைசியில் கொடுக்கும் தொகையும், ஏழெட்டு ஆண்டுகளில் அந்தக் காருக்காகச் செலவிடும் தொகையும் வேறாக இருக்கின்றன. அந்த இடைவெளியில் என்னென்ன இருக்கிறது, அதில் எதை நீங்கள் சரிசெய்ய முடியும் என்பதைக் கணக்கோடு எழுதுகிறோம். அரசும் மின்வாரியமும் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றையும் இடையிடையே சொல்கிறோம்.

2024 நவம்பர் 26-ஆம் தேதி சென்னையில் மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் அறிமுகமானபோது சொன்ன தொடக்க விலை 18.90 லட்சம், 21.90 லட்சம். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரி 17-இல் 17.99 லட்சத்தில் வந்தது. டாடா ஹேரியர் இவி ஜூன் 3-இல் 21.49 லட்சம். தூத்துக்குடி ஆலையில் பூட்டப்படும் வின்ஃபாஸ்ட் விஎஃப் 6 செப்டம்பர் 6-இல் 16.49 லட்சம். எல்லாமே எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் காப்பீடும் சேராதது), எல்லாமே கீழ்ப்படி வேரியன்ட்டின் விலை. இந்த மடலில் வரும் கார் விலைகள் யாவும் அறிமுக காலத்தில் அறிவிக்கப்பட்டவை. பிறகு ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் எங்கள் வாதம் மாறாது.

முதலில் சார்ஜரை எடுத்துக்கொள்வோம். மஹிந்திராவின் அறிமுக விலையில் சார்ஜரும் அதைப் பொருத்தும் செலவும் சேரவில்லை. 7.2 கிலோவாட் சார்ஜர் 50,000 ரூபாய், 11.2 கிலோவாட் 75,000 ரூபாய். கிரெட்டாவுக்கு 11 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) வேண்டுமானால் 73,000. ஹேரியருக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் 49,000. பெட்ரோல் கார் வாங்குகிறவர் பங்க்கையும் சேர்த்து வாங்குவதில்லையே என்று கேட்கலாம். ஆனால் மின்காரின் லாபமே வீட்டில் சார்ஜ் ஏற்றுவதில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலை பாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி ஓட்டினால், யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டிக் கொடுத்து, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டி, பாதி லாபத்தை இழந்துவிடுவோம். அதனால் சார்ஜரைக் கூடுதல் பொருளாக வைத்து விலை சொல்வது, காரின் விலையைக் குறைத்துச் சொல்வதுதான். ஏற்கெனவே சார்ஜர் வைத்திருப்பவருக்கு அது வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 'சார்ஜரோடு இவ்வளவு, இல்லாமல் இவ்வளவு' என்று இரண்டு எண்களையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள், போதும்.

சார்ஜரைப் பொருத்தும் வேலையில்தான் வாங்குகிறவருக்கு அதிக அதிர்ச்சி காத்திருக்கிறது. அதை விற்பனைப் பிரிவினர் பெரும்பாலும் சொல்வதே இல்லை. 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். கீசர் அரைமணி நேரம் ஓடி நின்றுவிடும். இது அப்படியல்ல. மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் 10 மீட்டருக்குள் என்றால் 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி தாங்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தத் தூரம் எளிதாக 40 மீட்டர் ஆகிவிடும். அங்கே அதே 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் போக வர 80 மீட்டரில் 8 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். மணிக்குக் கால் யூனிட்டுக்கும் கூடுதலாகக் கம்பியிலேயே சூடாகிப் போகும். ஏற்கெனவே 205 வோல்ட்டில் தள்ளாடும் தெருவில், அந்த 8 வோல்ட் சரிவே சார்ஜர் அடிக்கடி நின்றுபோகக் காரணமாகும். அங்கே 10 சதுர மில்லிமீட்டர் கம்பிதான் போட வேண்டும். கூடவே மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் 40 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு இருந்தால் 30 மில்லிஆம்பியரில் விழும் 'டைப் ஏ' ஆர்சிசிபி, காருக்கென்று தனி எர்த்திங். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பல சார்ஜர்கள் வேலையே தொடங்காது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உரிமையாளர் காரில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார். கோளாறு இருப்பது காய்ந்துபோன எர்த் குழியில்.

கம்பி, பைப், பெட்டி, எர்த்திங், கூலி எல்லாம் சேர்ந்தால் 20,000 முதல் 40,000 ரூபாய் வரை சாதாரணமாக ஆகும். நீங்கள் இலவசமாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் திட்டங்களில் குறிப்பிட்ட மீட்டர் நீளம் வரைதான் கம்பி சேரும், அதற்கு மேல் மீட்டர் கணக்கில் பணம். அந்த நீளம் எத்தனை என்பதை புக்கிங் படிவத்திலேயே எழுதுங்கள். வீட்டு மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று புக்கிங்குக்கு முன்பே ஒருவரை அனுப்பிப் பாருங்கள். இரண்டு ஏசி, ஒரு கீசர், ஒரு மோட்டார் உள்ள வீட்டில் 7.2 கிலோவாட்டைச் சேர்த்தால், லோடு கூட்டித் தரும்படி மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். 11 கிலோவாட் சார்ஜருக்கு மும்முனை இணைப்பு கட்டாயம். ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்கு 11 கிலோவாட் சார்ஜரை விற்பது, ஓடாத சைக்கிளுக்கு டைனமோ விற்பது போல.

இன்னொன்றும் உண்டு. நாளொன்றுக்கு 40, 50 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 16 ஆம்பியர் பிளக்கில் செருகும் 3 கிலோவாட் கையடக்க சார்ஜரே போதும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை செருகினால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறும். அது 130 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வீட்டின் சாதாரண பிளக் பாயிண்ட் எட்டு மணி நேரச் சூட்டில் உருகிவிடும் என்பதால் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போட்டால் போதும். செலவு சில ஆயிரம்தான். இதை உங்கள் விற்பனையாளர் முதலில் சொன்னால் வாங்குகிறவருக்கு அரை லட்சம் மிச்சம். சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது பேட்டரிக்கு நீங்கள் போடும் விலை. ஒரு கிலோவாட்-மணி என்பது நம் இபி பில்லில் வரும் ஒரு யூனிட்தான், ஆகவே இங்கே யூனிட் என்றே எழுதுகிறோம். பெரிய பேட்டரிக்கும் சின்ன பேட்டரிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை யூனிட் வித்தியாசத்தால் வகுத்துப் பார்த்தால் நிறுவனத்தின் மனசு தெரியும். பிஇ 6-இன் 'பேக் டூ' என்ற வேரியன்ட் 59 யூனிட்டில் 21.90 லட்சம். 2025 ஜூலையில் அதே பேக் டூவில் 79 யூனிட் பேட்டரியைச் சேர்த்து 23.50 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். 20 யூனிட்டுக்கு 1.60 லட்சம், அதாவது யூனிட்டுக்கு 8,000 ரூபாய். நியாயமான விலை என்றே சொல்வோம். கிரெட்டா எலெக்ட்ரிக் ஸ்மார்ட் (ஓ) வேரியன்ட் 42 யூனிட்டில் 19.50 லட்சம், 51.4 யூனிட்டில் 21.50 லட்சம். 9.4 யூனிட்டுக்கு 2 லட்சம், யூனிட்டுக்கு 21,000 ரூபாயைத் தாண்டுகிறது. பெரிய பேட்டரியோடு மோட்டாரும் 99 கிலோவாட்டிலிருந்து 126 கிலோவாட்டாகிறது என்பது உண்மை. மோட்டாரின் சக்தி வேண்டாம், தூரம் மட்டும் போதும் என்பவருக்கு வழியில்லை என்பதும் உண்மை. 2024-இல் உலகச் சந்தையில் பேட்டரி பேக்கின் சராசரி விலை யூனிட்டுக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க்என்இஎஃப் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது, முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் குறைவு. உங்கள் கார்களில் பெரும்பாலும் இருக்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் அந்தச் சராசரியைவிடவும் மலிவு. செல் விலை இறங்கும்போது அந்த இறக்கம் எந்த வேரியன்ட்டில் எவ்வளவு வந்து சேருகிறது என்பதைப் பார்க்க எங்களுக்கு இந்த வகுத்தல் ஒன்றுதான் வழி.

இதோடு ஒட்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. கீழ்ப்படி வேரியன்ட்டின் விலையை முதல் நாள் அறிவித்துவிட்டு, டெலிவரியை மேல்படி வேரியன்ட்டிலிருந்து தொடங்குவது. பல மாதம் காத்திருக்க முடியாதவர் 5, 6 லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கி மேல்படிக்குப் போகிறார். அறிவித்த விலையில் அறிவித்த வேரியன்ட் எந்த மாதம் கைக்கு வரும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எம்ஜி வின்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி வாடகைக்கு என்றால் 9.99 லட்சம், கூடவே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் வாடகை 5,250 ரூபாய். விலையில் குறைந்த 3.51 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 5,650. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது வாடகை என்பது பெயர் மாற்றிய கடன். கடனில் ஏழாம் ஆண்டு பேட்டரி நம்முடையதாகிறது. வாடகை என்றைக்கு முடியும், முடிந்தபின் பேட்டரி யாருடையது, மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, நடுவில் காரை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு ஒப்பந்தம் மாறுமா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலில்லாமல் 9.99 என்ற எண்ணைப் பெரிதாகப் போடக் கூடாது. மாதம் 600 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவருக்கு, குறைந்தபட்சக் கட்டண நிபந்தனை இல்லாவிட்டால், இந்தத் திட்டம் உண்மையிலேயே நல்லது. யாருக்கு நல்லது, யாருக்கு நட்டம் என்று பிரித்துச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

இப்போது மின்கட்டணம். உங்கள் விளம்பரங்களில் 'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்' என்று வருகிறது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் அது உண்மையல்ல. 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, அரசு மானியம் போக, போட்டுக் காட்டுகிறோம். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு பில் 1,490 ரூபாய் வரும். அந்த வீட்டில் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் எஸ்யூவி ஒன்று சேர்கிறது. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 214 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாகும் 12 சதவீதத்தைச் சேர்த்தால் 240. இரண்டு மாதத்துக்கு 480. மொத்தம் 930 யூனிட். 500-ஐத் தாண்டியதும் குறைந்த கட்டணப் படிகள் கைநழுவுகின்றன. முதல் 100 யூனிட் போக அடுத்த 300-க்கு 4.70, பிறகு 6.30, 8.40, 9.45, 10.50 என்று ஏறிக்கொண்டே போய் பில் 6,135 ரூபாயாகிறது. காருக்காகக் கூடியது 4,645. யூனிட்டுக்கு ஏறக்குறைய 9.70 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.55.

அப்போதும் பெட்ரோலைவிட எவ்வளவோ மலிவு. லிட்டர் 101 ரூபாய், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் அதே 1,500 கிலோமீட்டருக்கு 12,600 ரூபாய் ஆகும். மாத மிச்சம் 10,300. மின்காருக்கும் அதே தரத்துப் பெட்ரோல் காருக்கும் ஆன்-ரோடு விலையில் 5 லட்சம் வித்தியாசம் இருந்தால் நான்கு ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடும். ஆனால் மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓடுவேன் என்பவருக்கு மிச்சம் 3,400 சொச்சம். அந்த 5 லட்சத்தை மீட்க 12 ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்டவரிடம் 'சீக்கிரம் லாபம்' என்று சொல்லி விற்காதீர்கள். 20 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் 7 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 32,200 தவணை, வட்டி மட்டும் 7 லட்சம். பெட்ரோலில் மிச்சமாகும் 3,400 அந்தத் தவணையில் ஒரு மூலைக்கும் காணாது.

மின்வாரியத்திடம் நாங்கள் கேட்பது வீட்டுக்குள்ளேயே மின்வாகனத்துக்குத் தனி மீட்டரும், அந்த மீட்டருக்கு இரவுக்கும் வெயில் நேரத்துக்கும் குறைந்த கட்டணமும். வீட்டுப் பயன்பாட்டோடு கூட்டிப் படியேற்றாமல் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கூரையில் சோலார் போட்டவர்களுக்கு இந்தப் படியேற்றம் பெரிதாகத் தெரியாது. அடுக்குமாடியில் இருப்பவருக்குக் கூரை ஏது?

நெடுஞ்சாலைப் பயணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் விற்கும் வேகத்துக்கும் சாலையில் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள தூரத்தையும் விலைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 180 கிலோவாட்டில் 20 நிமிடத்தில் 20-லிருந்து 80 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வழியில் இருப்பவற்றில் 60 கிலோவாட் இயந்திரங்கள் ஏராளம். இரண்டு கார்கள் செருகினால் ஆளுக்கு 30. 79 யூனிட் பேட்டரியில் அந்த 60 சதவீதம் 47 யூனிட். 30 கிலோவாட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒரு முழு சார்ஜில் 682 கிலோமீட்டர் என்று சான்றிதழில் இருக்கும் காரை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏசி போட்டு ஓட்டினால் 500-ஐ ஒட்டித்தான் நிற்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 120-இல் இன்னும் குறையும். சான்றிதழ் எண்ணோடு, 100 கிலோமீட்டர் சீரான வேகத்தில் எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணையும் போடுங்கள். அந்த எண் தெரிந்தால் பலர் சின்ன பேட்டரியோடு திருப்தியடைவார்கள், சிலர் பெரியதற்குப் போவார்கள். இரண்டு தரப்புக்கும் பணம் வீணாகாது.

வரி விஷயத்தில் ஜிஎஸ்டி மன்றத்துக்கும் மாநில அரசுகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து மின்வாகனத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் கார்களின் வரி குறைந்தது. சிறிய கார்கள் 18-க்கும், பெரிய எஸ்யூவிகள் செஸ் நீங்கி 40-க்கும் வந்தன. பெட்ரோல், டீசல் கிரெட்டாவில் மட்டும் 72,000 ரூபாய் வரை இறங்கியது. மின்காருக்கு வரி மாறவில்லை, எனவே இடைவெளி நிறுவனங்கள் எதுவும் செய்யாமலே கூடிவிட்டது. அதைவிட உறுத்துவது இன்னொன்று. காருக்குள் வரும் பேட்டரிக்கு 5 சதவீதம், அதே பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். 8 லட்ச ரூபாய் பேட்டரி என்றால் வரியில் மட்டும் 1.04 லட்சம் வித்தியாசம். பழைய காருக்கு உயிர்கொடுக்க நினைப்பவர்மீது இந்த வரி விழுகிறது. மின்வாகனத்துக்கான மாற்று பேட்டரி பேக்குக்கும் 5 சதவீதம் என்று ஆக்குங்கள்.

சாலை வரியில் தமிழ்நாடு நல்ல வழிகாட்டி. பெட்ரோல் கார் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் ஆயுள் வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20. மின்காருக்கு முழு விலக்கு தந்தார்கள். 20 லட்ச ரூபாய் காரில் அந்த விலக்கின் மதிப்பு 3.60 லட்சம். மாநில அரசு தரும் வேறு எந்தச் சலுகையும் இதற்கு ஈடாகாது. ஆனால் 2025 டிசம்பர் 31 என்பது போலக் கெடு வைத்து, கெடு நெருங்கும்போது நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வைப்பது கூடாது. புக்கிங் ஒரு மாதத்திலும் டெலிவரி ஆறு மாதம் கழித்தும் வரும் காருக்கு இது 3 லட்ச ரூபாய் சூதாட்டமாகிறது. வரி கொண்டுவருவதாக இருந்தால் படிப்படியாக, ஐந்தாண்டு அட்டவணையாக, முன்கூட்டியே சொல்லட்டும். கர்நாடகம் 2024-இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீதம் போட்டது. 24.90 லட்சம் காருக்கும் 25.50 லட்சம் காருக்கும் இடையே ஒரே தாவலில் 2.55 லட்சம் கூடியது. இப்படிக் கிணற்றுச் சுவர் போல வரியெழுப்பினால் நிறுவனங்கள் வேரியன்ட்டைச் சுவருக்கு இப்புறம் நிறுத்தத்தான் பார்க்கும்.

கொட்டேஷன் தாளுக்கு வருவோம். மின்வாகனங்களுக்குப் பதிவுச் சான்றுக் கட்டணம் 2021 ஆகஸ்டிலிருந்தே விலக்கு. ஆனாலும் 'பதிவு மற்றும் இதர' என்ற தலைப்பில் பெரிய தொகை வருகிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துத் தரும்படி டீலர்களுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீத டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கிறீர்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் பணம் என்பதைத் தாளிலேயே குறிப்பிடுங்கள், பலர் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸில் 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022-இல் நிர்ணயித்த பிரீமியம் 20,907 ரூபாய். அது எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். மீதி, நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில்தான் டீலருக்கு டீலர் ஆயிரக்கணக்கில் மாறுகிறது. வெளியில் பாலிசி எடுத்தால் டெலிவரி தாமதமாகும் என்று மிரட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

விலைக்குறைப்பு நல்ல செய்திதான், ஆனால் அறிவிக்கும் முறையில் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் செல் விலை இறங்கியதைச் சொல்லி டாடா நெக்ஸான் இவி விலையை 1.20 லட்சம் வரை குறைத்தார்கள். அதே ஆண்டு பண்டிகைக் காலத்தில் 3 லட்சம் வரை. புதிய கார் 3 லட்சம் இறங்கினால், ஒரு வருடம் ஓடிய கார் அதற்கு மேலும் இறங்கியே தீரும். முந்தைய மாதம் டெலிவரி எடுத்தவருக்கு ரொக்கம் தரச் சொல்லவில்லை. வாரன்டி நீட்டிப்போ, இரண்டு ஆண்டு சர்வீஸோ, நெடுஞ்சாலைச் சார்ஜிங் கிரெடிட்டோ தரலாம். குறைப்புக்கு முந்தைய 60 நாளில் வாங்கியவர்களுக்கு இது கிடைக்கும் என்று நிலையான விதியாகவே அறிவித்துவிட்டால், விலை குறையுமோ என்று வாங்காமல் காத்திருப்பவர்களும் உங்களிடம் வருவார்கள்.

அடிப்பகுதியில் அடிபடும் பேட்டரி பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறோம், ஏனெனில் இங்கேதான் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் சிக்கிக்கொள்கிறது. எஸ்யூவியின் பேட்டரி தரைக்கு அடியில் அலுமினியம் அல்லது எஃகுப் பெட்டியில் கிடக்கிறது. அளவு தெரியாத வேகத்தடை, சாலை நடுவே கிடக்கும் கல், மழையில் மறைந்த பள்ளம், இவற்றில் ஏதாவது ஒன்று பெட்டியின் அடித்தகட்டை நசுக்கினால், உள்ளே செல்கள் நலமாக இருந்தாலும், நீர்க்காப்பு போய்விட்டதென்று முழு பேக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். காரணம், அடித்தகடும் மேல்மூடியும் கேஸ்கெட்டும் தனி உதிரிபாகமாக விற்பனைக்கு இல்லை. இன்சூரன்ஸ் கணக்கு எப்படிப் போகும் பாருங்கள். 20 லட்சம் காரின் காப்பீட்டு மதிப்பு நான்காம் ஆண்டில் 40 சதவீதம் கழிந்து 12 லட்சம். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது 9 லட்சத்தைத் தாண்டினால் காரை முழு நட்டமாகக் கணக்கில் எழுதுவார்கள். 8 லட்ச ரூபாய் பேக், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 9.44 லட்சம். நசுங்கியது ஒரு தகடு, போனது முழுக் கார். வாங்கிய விலையைத் திருப்பித் தரும் கூடுதல் காப்பீடு முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால் நான்காம் ஆண்டில் அதுவும் பலருக்குத் துணைக்கு வராது. கடன் மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு மிச்சம் இருக்கும்.

இதற்கு நாங்கள் கேட்பது கடினமானதல்ல. அடித்தகடு, கேஸ்கெட், கூலன்ட் குழாய், ஒவ்வொரு மாட்யூல் (செல் தொகுதி), பேட்டரி கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைத் தனித்தனி பாக எண்ணோடு விலையிட்டு வெளியிடுங்கள். பெட்டியைத் திறந்து மூடி, நீர்க்கசிவுக்குக் காற்றழுத்தச் சோதனை செய்யும் வசதியை மாவட்டத்துக்கு ஒன்றாகவாவது வையுங்கள். சென்னையிலும் கோவையிலும் மட்டும் இருந்தால் திருநெல்வேலிக்காரர் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. அடியில் மாட்டும் பாதுகாப்புத் தகட்டை நிறுவனத்தின் துணைப்பொருளாகவே விற்றுவிடுங்கள். வெளியில் மாட்டினால் வாரன்டி போகும் என்கிறீர்கள், நீங்களும் தருவதில்லை. 12 வோல்ட் சிறிய பேட்டரிக்கும் இதே கவனம் வேண்டும். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தும் கதவுகூடத் திறக்காது. அதன் ஆயுளையும் மாற்று விலையையும் கையேட்டில் போடுங்கள்.

கடைசியாக, வாரன்டியும் மறுவிற்பனையும். 8 ஆண்டு அல்லது 1.60 லட்சம் கிலோமீட்டர் என்பது பரவலான அளவு. சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு ஆயுள் வாரன்டி தருகின்றன, கார் கைமாறினால் அது 10 ஆண்டு, 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் விற்கும்போது முதல் உரிமையாளரின் பணத்திலிருந்துதான் கழிகிறது. பழைய மின்கார் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, 'பேட்டரி எவ்வளவு பாக்கி?' என்பது. அதற்கு எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை. பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு கார் கணினியில் சதவீதமாக இருக்கிறது. சர்வீஸ் சென்டர்க்காரர் கருவியைச் செருகினால் அவருக்குத் தெரிகிறது. உரிமையாளருக்குத் திரையில் காட்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு, பேட்டரியின் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது. அங்கே ஏற்றுமதி செய்யும் கார்களுக்கு எப்படியும் நீங்கள் இதைச் செய்தாக வேண்டும். அதே வசதியை இங்கே விற்கும் கார்களிலும் திறந்துவிடுங்கள். ஆண்டுதோறும் சர்வீஸின்போது, முழுதாக ஏற்றி இறக்கி அளந்த கொள்ளளவையும், வீட்டுச் சார்ஜர் போன்ற மெதுவான சார்ஜில் எத்தனை யூனிட், பாஸ்ட் சார்ஜில் எத்தனை யூனிட் ஏறியது என்பதையும் முத்திரையிட்ட சான்றிதழாகத் தாருங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் வாரன்டி என்கிறீர்கள். அந்த 70-ஐ எந்த வெப்பநிலையில், எந்த முறையில் அளக்கிறீர்கள் என்பதையும் வாரன்டி புத்தகத்தில் எழுதிவிடுங்கள், அளவுகோல் தெரியாமல் யாரும் வாதாட முடியாது.

இந்த மடலுக்கான பதிலை ஒவ்வொரு நிறுவனமும் தனது அடுத்த விலைப் பட்டியலிலேயே தந்தால் போதும்: சார்ஜரோடும் இல்லாமலும் விலை, பொருத்தும் கம்பியின் நீளம், டெலிவரி மாதம், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தூரம், பேட்டரி பேக்கின் மாற்று விலை. ஒரு பக்கத்தில் அடங்கும்.

அன்புடன்,
மின்சார எஸ்யூவி உரிமையாளர்கள்